விருதுக்கு முந்திய வீரம்

விடுதலை பெற்ற இந்தியாவின் மிக உயர்ந்த வீர விருது பரம்வீர் சக்ரா. அதனை முதன்முதலில் பெற்ற பெருமைக்குரியவர் மேஜர் சோம்நாத் சர்மா. ஆயினும், அவர் போர்க்களத்தில் வீழ்ந்த நாளில் அவ்விருது தோன்றியிருக்கவே இல்லை. இல்லாத விருதை அவர் எவ்வாறு பெற்றார்? அவர்தம் வாழ்வையும், வீரத்தைப் போற்ற நாடு வகுத்த விதிகளையும் இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

சோம்நாத் 1923ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள் காங்ரா மாவட்டத்தைச் சேர்ந்த தாத் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று இமாச்சலப் பிரதேசத்தில் உள்ளது. தந்தை அமர்நாத் சர்மா இராணுவ மருத்துவர். இளமையில் சோம்நாத் தம் தாத்தாவிடம் பகவத்கீதையின் கருத்துகளைக் கேட்டு வளர்ந்தார். பயன் கருதாது கடமையைச் செய்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. நைனிதாலிலும் பின்னர் டேராடூனிலும் கல்வி பயின்றார்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தம் 19ஆம் வயதில், இராணுவ அதிகாரியாகப் பொறுப்பேற்றார். அவர் சேர்ந்த படைப்பிரிவு பின்னாளில் குமாவுன் படைப்பிரிவின் நான்காம் பட்டாலியன் எனப் பெயர்பெற்றது. அப்போது இரண்டாம் உலகப்போர் நடைபெற்றுக்கொண்டிருந்தது. பர்மாவின் அரக்கான் பகுதியில் ஜப்பானியப் படையை எதிர்த்துச் சோம்நாத் போரிட்டார். அவருடைய பணியைப் பாராட்டி, போர் அறிக்கையில் அவர் பெயர் சிறப்பித்துக் குறிக்கப்பட்டது.

பத்காம் போர்

1947ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாடு விடுதலை பெற்றது. அக்டோபரில் ஆயுதமேந்திய படையினர் எல்லையைக் கடந்து காஷ்மீருக்குள் புகுந்தனர். ஸ்ரீநகரைக் காக்க இந்தியப் படைகள் வான்வழியாக அனுப்பப்பட்டன. ஸ்ரீநகர் விமானநிலையம் பகைவர் கைப்பட்டால் துணைப்படைகள் விரைந்து வந்திறங்க வழியில்லாமற் போகும் என்னும் நிலை.

அந்நாளில் சோம்நாத்தின் இடக்கை மாவுக்கட்டில் இருந்தது. வளைகோற்பந்தாட்டத்தில் எலும்பு முறிந்திருந்தது. அவர் களம் செல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எனினும், தம் வீரர்கள் போருக்குச் செல்லும்போது தாம் மட்டும் பின்தங்கியிருக்க அவர் மனம் ஒப்பவில்லை. வற்புறுத்தி இசைவு பெற்று, அக்டோபர் 31ஆம் நாள் தம் படையணியுடன் ஸ்ரீநகர் சென்றார்.

நவம்பர் 3ஆம் நாள் விமானநிலையத்தை அடுத்துள்ள பத்காம் என்னும் ஊருக்குக் காவற்பணியாக அவரது அணி அனுப்பப்பட்டது. பிற்பகலில் ஏறத்தாழ 500 பேர் கொண்ட பகைப்படை மூன்று பக்கங்களிலிருந்தும் சூழ்ந்து தாக்கியது. ஒருவருக்கு ஏழுவர் என்னும் அளவில் பகைவர் மிகுந்திருந்தனர். சோம்நாத் திறந்த வெளியில் ஓடிச் சென்று தம் வீரர்களுக்கு ஊக்கமூட்டினார். குண்டுமழைக்கு நடுவே துணிப்பட்டைகளைத் தரையில் விரித்து, வானில் பறந்த நம் விமானங்களுக்குப் பகைவர் இருக்கும் திசையைக் காட்டினார். வீரர் பலர் வீழ்ந்ததால் துப்பாக்கிகளை இயக்குவோர் குறைந்தனர். ஒரு கை கட்டுண்ட நிலையிலும் அவரே தோட்டா உறைகளை நிரப்பித் துப்பாக்கி இயக்குவோரிடம் கொடுத்தார். பின்வாங்கும் எண்ணம் தமக்கு இல்லை என்பதைத் தலைமையகத்துக்குத் தெரிவித்தார். சற்று நேரத்தில் அவருக்கு அருகில் இருந்த வெடிபொருள்களின்மீது பகைவரின் எறிகுண்டு விழுந்து வெடித்தது. சோம்நாத் வீரமரணம் எய்தினார். அப்போது அவருக்கு வயது 24.

தலைவர் வீழ்ந்த பின்னரும் வீரர்கள் போரைக் கைவிடவில்லை. பகைவரின் முன்னேற்றம் ஆறு மணிநேரம் தடைப்பட்டது. அதற்குள் துணைப்படைகள் வந்து அணிவகுத்தன. விமானநிலையம் காக்கப்பட்டது. மூன்று நாள்களுக்குப் பின்னரே சோம்நாத்தின் உடல் மீட்கப்பட்டது. சட்டைப்பையில் இருந்த கீதையின் ஏடுகள் அவரை அடையாளம் காண உதவின.

விதிகள் வகுத்த வழி

ஆங்கிலேய ஆட்சியில் மிக உயர்ந்த வீர விருதாக விளங்கியது விக்டோரியா கிராஸ். 1856ஆம் ஆண்டு அது நிறுவப்பட்டது. இந்திய வீரர்கள் அதனைப் பெற விதி இடந்தரவில்லை. 1911ஆம் ஆண்டில்தான் அவ்விதி மாற்றப்பட்டது. அதற்கு முன்னர் வாழ்ந்த இந்திய வீரர்களிடம் துணிவு குறைந்திருக்கவில்லை. விதியே அவர்களைக் கணக்கில் கொள்ளவில்லை. தொடக்க காலத்தில், போரில் உயிர்நீத்தவருக்கு அவ்விருதை வழங்கவும் விதி இல்லை.

விடுதலை இந்தியா தனக்கெனப் புதிய வீர விருதுகளை உருவாக்க முற்பட்டது. சுவிட்சர்லாந்து நாட்டில் பிறந்து, இந்திய இராணுவ அதிகாரி ஒருவரை மணந்து, இந்தியப் பண்பாட்டில் தோய்ந்த சாவித்திரி பாய் கானோல்கர் பரம்வீர் சக்ராவை வடிவமைத்தார். வெண்கல வட்டின் நடுவே அரசுச் சின்னமும், அதனைச் சுற்றி இந்திரனின் வச்சிராயுதம் நான்கும் அமைந்தன. உலகைக் காக்கத் ததீசி முனிவர் ஈந்த எலும்பால் ஆனது வச்சிராயுதம் என்பது புராணச் செய்தி. தன்னையே ஈதலுக்கு அது தக்கதோர் அடையாளம் ஆயிற்று.

1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள், அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாளில், இவ்விருது நிறுவப்பட்டது. குடிமக்களுக்கு அரசு பட்டங்கள் வழங்குதலை அரசமைப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆயினும், படைத்துறைச் சிறப்புகளுக்கும் கல்விச் சிறப்புகளுக்கும் அது விலக்கு அளிக்கிறது.

பரம்வீர் சக்ராவுக்கான விதிகள் தெளிவானவை. நிலத்திலோ, கடலிலோ, வானிலோ பகைவர்க்கு எதிரே காட்டிய தலைசிறந்த வீரத்துக்கும் தன்னுயிர் ஈகத்துக்கும் மட்டுமே இது உரியது. பதவியின் உயர்வு தாழ்வு இங்குப் பார்க்கப்படுவதில்லை. முப்படைகளின் ஆண், பெண் இருபாலாரும், படையின் ஆணைக்கு உட்பட்டுப் பணிபுரியும் செவிலியரும் பொதுமக்களும் இதனைப் பெறலாம். மேலதிகாரியின் பரிந்துரையும் கண்டோர் கூற்றும் ஆராயப்படும். விருதினைக் குடியரசுத் தலைவர் வழங்குவார். பெற்றவர் பெயர் அரசிதழில் வெளியிடப்படும்.

அவ்விதிகளுள் இரண்டு இங்குக் குறிப்பிடத்தக்கவை. போரில் உயிர்நீத்தவருக்கும் விருது வழங்கலாம் என்பது ஒன்று. விருது நிறுவப்பட்டது 1950இல் ஆயினும், அது 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும் என்பது மற்றொன்று. விடுதலைக்கும் குடியரசுக்கும் இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்காக மாண்டோரை மறவாதிருக்க இவ்விதி வழிசெய்தது. இவ்விரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் சோம்நாத்தின் பெயர் விருதுப் பட்டியலில் இடம்பெற்றிருக்க இயலாது.

முதல் விருது

பத்காமில் உயிரீந்த சோம்நாத்துக்கு 1950ஆம் ஆண்டு பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. மகனின் சார்பில் தந்தை அதனைப் பெற்றுக்கொண்டார். விருதினை வடிவமைத்த சாவித்திரி பாயின் மகள் குமுதினி, சோம்நாத்தின் தம்பியின் மனைவியாவார். மற்றொரு தம்பியான விசுவநாத் சர்மா 1988ஆம் ஆண்டு இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்தார்.

1947 முதல் 1999ஆம் ஆண்டுக் கார்கில் போர் வரையிலான வீரச் செயல்களுக்காக 21 பேர் இவ்விருதைப் பெற்றுள்ளனர். அவர்களுள் 14 பேர் களத்தில் உயிர்நீத்தவர்கள். பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழரான மேஜர் இராமசாமி பரமேஸ்வரனும் அவர்களுள் ஒருவர். 1987ஆம் ஆண்டு இலங்கையில் அமைதி காக்கும் படையில் பணியாற்றியபோது அவர் உயிர்நீத்தார். மாண்டோரையும் மதிக்கும் விதி இல்லையெனில் அப்பதினால்வரின் பெயர்களும் இப்பட்டியலில் இரா.

பத்காமில் நின்ற சோம்நாத்தின்முன் எந்த விருதும் இல்லை. காக்கவேண்டிய விமானநிலையமும், தம்மை நம்பிய வீரர்களுமே இருந்தனர். விருதை எண்ணி அவர் போரிடவில்லை. அவரை எண்ணிப் பார்க்கும் கடமை நாட்டுக்கு இருந்தது. அக்கடமையை நாடு விதியாக எழுதி நிறைவேற்றியது.

எண்ணிப் பார்த்து எழுதுக

1. கை முறிந்த நிலையிலும் சோம்நாத் களம் சென்றது ஏன்?
2. விருது நிறுவப்படுவதற்கு முன்பே மறைந்த ஒருவருக்கு அதனை வழங்க எவ்விதிகள் இடந்தந்தன?
3. வீரத்தைப் போற்ற எழுதப்பட்ட விதிகள் தேவையா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.