ஓராண்டு தாங்குமா எஸ்எஸ்டி? நாலே நாளில் கண்டுபிடிக்க வழி சொன்ன அர்ஹீனியஸ்

எஸ்எஸ்டி வாங்கும்போது அதன் விவரக் குறிப்பில் டிபிடபிள்யூ என்று ஓர் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். 150, 300, 600 என்று மாடலுக்கு மாடல் மாறும். மொத்தம் இத்தனை டெராபைட் வரைக்கும் இதில் எழுதலாம் என்பது அதன் அர்த்தம்.

சரி, அவ்வளவையும் எழுதி முடித்த டிரைவைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டால்? உள்ளே இருக்கும் கல்யாண போட்டோக்கள் எத்தனை நாள் தாங்கும்? இதற்கு ஜெடெக் என்ற தொழில்துறை அமைப்பு ஒரு தர அளவுகோல் வைத்திருக்கிறது. வீட்டு உபயோக எஸ்எஸ்டி என்றால், டிபிடபிள்யூ அளவு முழுக்க எழுதிய பிறகும், பவர் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு டேட்டா இருக்க வேண்டும்.

எழுதும் சோதனையை வேகமாக முடிக்கலாம். இரவு பகலாக எழுதிக்கொண்டே இருந்தால் போதும். 2013-ல் தொடங்கிய ஒரு பிரபலமான சோதனையில் ஆறு எஸ்எஸ்டிகளை அப்படித்தான் சாகும்வரை எழுதவிட்டார்கள். கடைசி டிரைவ் 2.4 பெட்டாபைட் தாண்டி 2015-ல்தான் உயிரை விட்டது. ஆனா 'சும்மா இருக்கும்' ஓராண்டை எப்படி வேகப்படுத்துவது? டிரைவை 66 டிகிரி சூட்டில் சுமார் நாலு நாள் வைத்தால் போதும் என்கிறது கணக்கு.

நாலு நாள் எப்படி ஓராண்டுக்குச் சமமாகும்? அந்தக் கணக்கின் சொந்தக்காரர் எஸ்எஸ்டியைக் கனவில்கூடக் கண்டிருக்க முடியாது. பிளஸ் டூ வேதியியலில் எல்லோரும் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன பெயர்தான்: ஸ்வான்டே அர்ஹீனியஸ்.

நாலாம் வகுப்பு வாங்கிய ஆய்வேடு

1859 பிப்ரவரி 19 அன்று, ஸ்வீடனில் உப்சாலா நகருக்கு அருகே விக் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா நில அளவையாளர். மூன்று வயதிலேயே யாரும் சொல்லித்தராமல் படிக்கக் கற்றுக்கொண்டார் என்பார்கள். அப்பாவின் கணக்குப் புத்தகங்களில் எண்களைக் கூட்டுவதைப் பார்த்துப் பார்த்தே கணக்கும் வந்துவிட்டது.

உப்சாலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கிருந்த இயற்பியல், வேதியியல் பேராசிரியர்களோடு ஒத்துப்போகவில்லை. 1881-ல் ஸ்டாக்ஹோமுக்குப் போய், அறிவியல் அகாடமியில் எரிக் எட்லண்ட் என்ற இயற்பியலாளரிடம் வேலை செய்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: உப்பு கரைந்த தண்ணீரில் ஏன் மின்சாரம் பாய்கிறது?

கரைந்த பொருள் முழுவதும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை, அதில் ஒரு பங்குதான் 'செயல்படும்' நிலையில் இருக்கிறது, மீதி சும்மா இருக்கிறது என்பது அவர் கண்ட பதில். 1884-ல் இதை ஆய்வேடாகக் கொடுத்தார். உப்சாலா பேராசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆய்வேட்டுக்கு நாலாம் வகுப்பு, அதை விளக்கி வாதாடியதற்கு மூன்றாம் வகுப்பு. பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்க அது போதாது. அதோடு அவர் கதை முடிந்திருக்கலாம்.

அர்ஹீனியஸ் ஆய்வேட்டின் பிரதிகளை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். ஒன்று ரீகாவில் இருந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டுக்குப் போனது. அன்று ஆஸ்ட்வால்டுக்குக் கடுமையான பல்வலி, வீட்டில் பெண் குழந்தையும் பிறந்திருந்தது. அத்தனைக்கும் நடுவில் அதைப் படித்தவருக்குத் தலை சுற்றியது. அந்தக் கோடையிலேயே உப்சாலாவுக்கு நேரில் வந்து, ரீகாவில் வேலை தருவதாகச் சொன்னார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் அர்ஹீனியஸ் போகவில்லை. ஆனா அந்த வருகைக்குப் பிறகு உப்சாலாவே அவருக்கு ஒரு பதவி கொடுத்துவிட்டது. வெளியூர்க்காரர் வந்து சொன்னால்தான் உள்ளூரில் மதிப்பு!

1887-ல் கருத்தை இன்னும் தெளிவாக்கினார்: உப்பு கரையும்போதே அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது. 1903-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இதற்குத்தான். நோபல் வாங்கிய முதல் ஸ்வீடன்காரர் அவர்.

சர்க்கரையில் கிடைத்த சமன்பாடு

எஸ்எஸ்டிக்கு உதவும் வேலை வேறு. கரும்புச் சர்க்கரைக் கரைசலில் அமிலம் சேர்த்தால் சர்க்கரை இரண்டாக உடையும். சூடு கொஞ்சம் ஏறினாலே உடையும் வேகம் ரொம்ப அதிகமாகிறது. சூட்டில் மூலக்கூறுகள் கொஞ்சம் வேகமாக ஓடுவது உண்மைதான். ஆனா அதை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய ஏற்றத்தை விளக்க முடியாது.

1889-ல், 30 வயதில், அர்ஹீனியஸ் தன் பழைய யோசனையையே திரும்பக் கையில் எடுத்தார். எல்லா மூலக்கூறும் வினையில் இறங்குவதில்லை. ஒரு குறிப்பிட்ட ஆற்றல் தடையைத் தாண்டிய 'செயல்படும்' மூலக்கூறுகள்தான் இறங்குகின்றன. சூடு ஏறும்போது அவற்றின் எண்ணிக்கை மடமடவென்று பெருகுகிறது. அந்தத் தடைதான் பாடப்புத்தகத்தின் கிளர்வு ஆற்றல். சமன்பாட்டின் வடிவத்தை வான்ட் ஹாஃப் 1884-லேயே தொட்டிருந்தார். அதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்ற விளக்கம் அர்ஹீனியஸுடையது.

1927 அக்டோபர் 2 அன்று ஸ்டாக்ஹோமில் இறந்தார். அதற்குள் கார்பன் டைஆக்சைடு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896-லேயே கணக்குப் போட்டிருந்தார். இன்னொரு பக்கமும் உண்டு. தன்னோடு மோதிய வால்டர் நெர்ன்ஸ்டுக்கு நோபல் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் தடுத்தவர் அவர். ஸ்வீடனின் இனத்தூய்மை அமைப்பிலும் சேர்ந்திருந்தார். வாழ்க்கை வரலாற்றில் இதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது.

மீண்டும் அந்த 66 டிகிரி

அவர் இறந்து 40 ஆண்டு கழித்து, 1967-ல், பெல் ஆய்வகத்தில் தாவோன் காங், சைமன் சீ இருவரும் எலெக்ட்ரான்களை மின்கடத்தாப் படலத்துக்குள் சிறைவைக்கும் நினைவகச் செல்லை உருவாக்கினார்கள். ஃபிளாஷ் மெமரியின் வேர் அது. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் எலெக்ட்ரான்கள் அந்த மெல்லிய படலத்தை முட்டிக்கொண்டு கடக்கின்றன. படலம் தேய்கிறது. அதில் சிக்கிய எலெக்ட்ரான்கள் பிறகு மெல்ல மெல்ல விடுபடும்போது செல்லில் பதிந்த அளவு மாறிப்போகும். அதிகமாகத் தேய்ந்த டிரைவ் சீக்கிரம் மறந்துபோவது இதனால்தான்.

அப்படி விடுபட எலெக்ட்ரானும் ஒரு தடையைத் தாண்ட வேண்டும். அதாவது சர்க்கரை மூலக்கூறின் அதே நிலைமை. இந்தத் தடைக்கு சோதனைகளில் எடுத்துக்கொள்ளும் அளவு 1.1 எலெக்ட்ரான்வோல்ட். அதை அர்ஹீனியஸ் சமன்பாட்டில் போட்டால், 30 டிகிரியில் நடப்பது 66 டிகிரியில் சுமார் 87 மடங்கு வேகமாக நடக்கும். 365 நாளை 87-ஆல் வகுங்கள்: நாலு நாள், கொஞ்சம் கூட. 52 டிகிரிதான் தர முடியும் என்றால் மூன்று வாரம் ஆகும்.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. தேய்ந்த படலத்தில் ஏற்படும் இன்னொரு வகைக் கசிவு சூட்டைப் பெரிதாகக் கண்டுகொள்வதே இல்லை. அதில் எலெக்ட்ரான் தடையைத் தாண்டாமல், பழுதான இடங்கள் வழியே ஊடுருவிப் போய்விடுகிறது. அதைச் சூட்டில் வைத்துப் பிடிக்க முடியாது. அதனால் சூட்டுச் சோதனையோடு நிறுத்தாமல், அறை வெப்பநிலையிலும் டிரைவை வைத்துப் பார்க்கச் சொல்கிறது ஜெடெக். அந்தப் பகுதிக்கு அர்ஹீனியஸ் உதவ மாட்டார், காத்திருக்கத்தான் வேண்டும்.