ஹால்டேனும் பிறவிக் குணமும்

தேர்வு நெருங்கினால் ஜாதவ்பூர் விடுதி அறைகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். கணக்கு தம் இரத்தத்திலேயே இல்லை என்பார் ஒருவர். தமிழனுக்கு அது பிறவிச் சொத்து என்பார் மற்றவர். இருவருக்கும் விடை சொல்லத் தக்க பேரறிஞர் இதே கொல்கத்தாவில் வாழ்ந்தவர்தாம். 1957-இல் இங்கிலாந்திலிருந்து வந்து, நகரின் வடக்கே பாராநகரில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியேற்ற ஜே. பி. எஸ். ஹால்டேன் அவர்.

1892-இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன் சுவாசத்தை ஆராய்ந்த அறிஞர். சோதனைக்குத் தம் உடலையே பயன்படுத்தியவர். மகனையும் விட்டுவைக்கவில்லை! நிலக்கரிச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்று, எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடக வசனம் ஒன்றை ஒப்பிக்கச் செய்தார். பாதியிலேயே மூச்சு வாங்கிக் கால் தளர்ந்து விழுந்தான் சிறுவன். தரையில் கிடந்ததும் மூச்சு சீரானது. மீதேன் காற்றைவிட இலேசானது, மேலேதான் தங்கும் என்ற பாடத்தை அவன் மறந்திருக்க முடியுமா? மெண்டலின் விதிகளைப் பற்றிய சொற்பொழிவுக்கும் எட்டு வயதிலேயே தந்தையுடன் சென்றான். பிற்காலத்தில் ஹால்டேனும் தம் உடல்மீதே ஆபத்தான சோதனைகள் செய்தார். அத்துணிவு இரத்தத்தில் வந்ததா, சுரங்கத்தில் வந்ததா? இரண்டையும் தந்தவர் ஒரே தந்தை. எப்படிப் பிரிப்பது?

இது பொழுதுபோக்குக் கேள்வியன்று. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும், 1933 முதல் ஹிட்லரின் ஜெர்மனியிலும், அறிவு குன்றியோர் எனப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இருந்தது. குறை பிறப்பிலேயே உள்ளது, வளர்ப்பால் ஆவதொன்றுமில்லை என்பது வாதம். மரபியலைக் கரைத்துக் குடித்த ஹால்டேனே அச்சட்டங்களை எதிர்த்து 1938-இல் நூல் எழுதினார்.

அவர் காட்டிய உதாரணம் பசுமாடு. நல்ல புல்வெளியில் ஜெர்சிப் பசு ஸ்காட்லாந்து மலைப்பசுவைவிட மிகுதியாகக் கறக்கும். குளிர்ந்த மேட்டு நிலத்திலோ மலைப்பசு கறக்கும்; ஜெர்சி செத்தே போகலாம். எது உயர்ந்த இனம்? 1946-இல் இதையே கணக்காக்கினார். இரண்டு இனம், இரண்டு சூழ்நிலை என்றாலே, எது எங்கே முந்தும் என்பது ஆறு வகையாக அமையலாம். சூழ்நிலை மூன்றானால் அறுபது வகை! மூளையில் சில மரபணுக்கள் எவ்வளவு செயற்படுகின்றன என்பதையே அனுபவம் மாற்றுவதை இன்று சோதனைச்சாலையில் காண்கிறார்கள்.

அறுபத்து நான்கு வயதில் இங்கு வந்தவர் ஜிப்பாவுக்கும் மரக்கறி உணவுக்கும் மாறினார் என்பதையும் சொல்ல வேண்டும். 1961-இல் கழகத்தை விட்டு விலகி, மறு ஆண்டு புவனேசுவரம் சென்றார். அங்கே 1964 டிசம்பர் 1-ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். உடல், அவர் விரும்பியபடியே, காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குச் சென்றது.