ஒரே நாளில் 68 முறையா, 3 நாளில் 38 முறையா? சி.பி.ஆர் வகுப்புக்குள் வந்த எபிங்ஹாஸ் கதை

ஆபீஸில் ஒருநாள் சி.பி.ஆர் பயிற்சி நடந்திருக்கும். பொம்மையின் நெஞ்சை அழுத்தி, சர்டிஃபிகேட் வாங்கி, அதை ஸ்டேட்டஸிலும் போட்டிருப்பீர்கள். இன்று பக்கத்து சீட்காரர் மயங்கி விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால், கையை எங்கே வைப்பது, எவ்வளவு ஆழம் அழுத்துவது என்று சட்டென்று நினைவுக்கு வருமா?

வரவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். மருத்துவமனையில் வேலை பார்க்கும் டாக்டர்கள், நர்ஸ்களுக்கும் இதே கதைதான். பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே இந்தத் திறன் மங்கத் தொடங்குவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எமர்ஜென்சி வார்டில் இது சின்ன விஷயம் இல்லை. நின்றுபோன இதயத்துக்கு முன்னால் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க நேரம் கிடையாது.

இந்தச் சிக்கலுக்கு வழி தேடிய மருத்துவக் கல்வியாளர்கள் கையில் எடுத்த கருத்து, 1909-ல் இறந்துபோன ஒரு ஜெர்மன்காரருடையது. பெயர், ஹெர்மன் எபிங்ஹாஸ்.

யார் இவர்?

1850-ல் ஜெர்மனியின் பார்மென் என்ற ஊரில் ஒரு வியாபாரி வீட்டில் பிறந்தவர். 17 வயதில் பான் பல்கலைக்கழகம், 1870-ல் பிரான்ஸுக்கு எதிரான போரில் ராணுவ சேவை, 1873-ல் தத்துவத்தில் டாக்டர் பட்டம். அப்புறம் சில வருடங்கள் இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு சுற்றினார். அந்த நாட்களில்தான் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஃபெக்னரின் நூல் அவர் கண்ணில் பட்டதாகச் சொல்வார்கள். ஒளி, எடை போன்றவற்றை மனிதன் உணர்வதைக் கணக்காக அளக்க முடியும் என்று காட்டிய நூல் அது. அப்படியென்றால் ஞாபகத்தையும் அளக்கலாமே என்று எபிங்ஹாஸுக்குத் தோன்றியது.

1879-ல் வேலையை ஆரம்பித்தார். ஆய்வு செய்பவரும் அவரே, ஆய்வுக்கு உட்படுபவரும் அவரே. கவிதையை மனப்பாடம் செய்தால் அர்த்தம் வந்து உதவி செய்துவிடும். அதனால் அர்த்தம் பார்க்காமல், மெய், உயிர், மெய் என்ற வரிசையில் சுமார் 2,300 அசைகளைத் தயார் செய்துகொண்டார். நிமிடத்துக்கு 150 என்ற சீரான வேகத்தில் அவற்றை வரிசை வரிசையாகப் படிப்பார். தப்பில்லாமல் சொல்ல வந்ததும் நிறுத்துவார். கொஞ்ச நேரமோ, சில நாட்களோ கழித்து அதே வரிசையைத் திரும்பப் படிப்பார். முதல் தடவையைவிட இப்போது எவ்வளவு நேரம் மிச்சம் என்பதுதான் அவருடைய அளவுகோல். வருடக்கணக்கில் இதையே செய்தார். படிக்கிற நமக்கே கொட்டாவி வருகிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

என்ன கண்டுபிடித்தார்?

20 நிமிடம் கழித்துப் படித்தால் 58 சதவீதம் மிச்சம். ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21. அதாவது, மறதி முதல் நாளிலேயே பெரும்பகுதியை வாரிக்கொண்டு போய்விடுகிறது. அப்புறம் மெதுவாகத்தான் சுரண்டுகிறது. இதுதான் பிரபலமான ‘மறதி வளைகோடு’.

ஆனால் மருத்துவக் கல்விக்கு அதைவிட முக்கியமானது அவருடைய இன்னொரு கணக்கு. 12 அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை படித்ததும், 3 நாட்களில் பிரித்து 38 முறை படித்ததும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தந்தன. பாதி உழைப்புக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

1885-ல் இதையெல்லாம் சிறு நூலாக வெளியிட்டார். பெர்லினில் எதிர்பார்த்த உயர் பதவி கிடைக்காமல் 1894-ல் பிரெஸ்லாவ் நகரத்துக்குப் போனார். பள்ளிக் குழந்தைகள் தொடர் வகுப்புகளில் சோர்ந்துபோகிறார்களா என்று பார்க்க, விடுபட்ட இடங்களை நிரப்பும் ஒரு சோதனையை அங்கே உருவாக்கினார். நம்ம ஊர் கேள்வித்தாளில் வரும் ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ பார்த்தவர்களுக்கு இது புதுசாகவே இருக்காது. 1909-ல், ஹாலே நகரில் பேராசிரியராக இருந்தபோது, நிமோனியாவில் இறந்தார். வயது 59.

வார்டுக்குள் எப்படி வந்தார்?

ஒரே ஆளிடம் செய்த சோதனையை நம்பலாமா? நியாயமான கேள்வி. 2015-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது ஏறக்குறைய அதே வளைகோடுதான் வந்தது. என்றாலும் அசை வேறு, நெஞ்சை அழுத்தும் கைத்திறன் வேறு. எனவே மருத்துவத் துறை தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் அமெரிக்க இதய சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாள் முழுக்க நடக்கும் வகுப்பு மட்டும் போதாது, இடைவெளி விட்டு அடிக்கடி சிறு சிறு பயிற்சி வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் இப்போது வார்டு பக்கத்திலேயே ஒரு பொம்மை இருக்கிறது. நர்ஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலைக்கு நடுவே வந்து கொஞ்ச நேரம் அழுத்திப் பார்க்கிறார். ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6-ஐத் தாண்டாமலும் இருந்ததா, வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120-க்குள் இருந்ததா என்று திரை உடனே காட்டிவிடுகிறது. சரியாக வரவில்லையா, அங்கேயே நின்று இன்னொரு முறை அழுத்த வேண்டியதுதான்.