மாத்யூ பிளிண்டர்ஸ்: கடலோடியும் அவர் இல்லமும்

ஆஸ்திரேலியா என்ற பெயரைச் சிறு வகுப்பிலிருந்தே நாம் எழுதிப் பழகியிருக்கிறோம். அப்பெயர் நிலைபெறப் பெருங்காரணமாயிருந்தவர் மாத்யூ பிளிண்டர்ஸ் என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரி. அக்கண்டத்தைக் கரையோரமாகவே சுற்றி வந்து, அது இடையில் பிளவுபடாத ஒரே நிலப்பரப்பு என்று காட்டியவரும் அவரே. அவருடைய பயணங்களைப் புகழ்ந்து எழுதியவர் பலர். அப்பயணங்களால் அவர் இல்லம் பட்ட பாட்டையும் சேர்த்தே நாம் இங்குச் சொல்ல விரும்புகிறோம்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் டோனிங்டன் என்னும் சிற்றூரில் 1774 மார்ச் 16 அன்று அவர் பிறந்தார். தந்தை மருத்துவர், மகனும் மருத்துவனாக வேண்டுமென்பது அவர் ஆசை. மகனோ ராபின்சன் குரூசோ கதையைப் படித்துக் கடல்மீது பித்துக் கொண்டு, பதினைந்தாம் வயதிலேயே கடற்படையில் சேர்ந்துவிட்டார். 1798-99இல் நண்பர் ஜார்ஜ் பாஸுடன் டாஸ்மேனியாவைச் சுற்றி வந்து, அது ஒரு தீவு என்று நிறுவினார். அப்பயணத்தில் கண்ட ஒரு சிறு தீவின் மலைக்குச் சாப்பெல் என்று பெயரிட்டார். ஊரில் தமக்குப் பிரியமாயிருந்த ஆன் சாப்பெல் என்னும் பெண்ணின் குடும்பப் பெயர் அது.

1801 ஏப்ரலில் ஆனை அவர் மணந்தார். ஆஸ்திரேலியக் கடற்கரை முழுவதையும் அளந்து படம் வரையும் பெரும்பணி அப்போதுதான் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலில் மனைவியையும் உடனழைத்துச் சென்று சிட்னியில் விட்டுவைக்கலாம் என்று எண்ணினார். மேலிடத்து அனுமதி கேட்கவில்லை. செய்தி கடற்படைத் தலைமைக்கு எட்டியது. அவரை ஆதரித்து வந்த ஜோசப் பேங்க்ஸ் எச்சரித்துக் கடிதம் எழுதினார். பதவியா, மனைவியா என்ற நிலை வந்தது. மனைவியை விட்டுச் செல்வதாக அவர் பதில் எழுதிவிட்டார். திருமணமாகி மூன்றே மாதத்தில், ஜூலை 18 அன்று, கப்பல் புறப்பட்டது. இம்முடிவை எடுத்தவர் அவர்; அதன் பாரத்தைச் சுமந்தவர் ஆன். இதை மறைத்து அவரைப் புகழ நமக்கு மனம் வரவில்லை.

கடமையில் அவர் குறை வைத்தவரல்லர். 1802 பிப்ரவரியில் தென்கரையில் ஒரு படகு கவிழ்ந்து, நெடுநாள் தோழரான ஜான் திசில் உட்பட எட்டுப் பேர் மாண்டனர். சில நாள் தேடிய பின், அருகிலிருந்த தீவுகளுக்கு அவர்களின் பெயர்களை இட்டுவிட்டு, அளவைப் பணியைத் தொடர்ந்தார். வட கரையை அடைந்தபோது கப்பலின் மரம் உளுத்துப்போயிருப்பதைத் தச்சர்கள் கண்டனர். நல்ல வானிலையிலும் ஆறு மாதந்தான் தாங்கும் என்றனர். அப்படியும் சுற்றை முடித்தே 1803 ஜூனில் சிட்னி சேர்ந்தார். அங்கே தந்தை இறந்த செய்தி காத்திருந்தது.

வேறு கப்பலில் ஊர் திரும்பப் புறப்பட்டார். அது ஆகஸ்டில் பவளத்திட்டில் மோதி உடைந்தது. ஏறக்குறைய எண்பது பேர் ஒரு மணல்மேட்டில் தங்கியிருக்க, இவர் சிறு படகில் ஆயிரத்து நூறு கிலோமீட்டர் கடந்து சிட்னிக்குப் போய் உதவி கொண்டுவந்தார். பிறகு ‘கம்பர்லாண்ட்’ என்னும் சின்னஞ்சிறு கப்பலில் மீண்டும் புறப்பட்டார். அதுவோ ஒழுகியது. பழுது பார்ப்பதற்காக 1803 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட மொரீஷியஸ் தீவில் ஒதுங்கினார். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் மீண்டும் போர் மூண்டிருந்தது அவருக்குத் தெரியாது. பிரெஞ்சு அரசு தந்திருந்த அனுமதிச்சீட்டிலோ ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற பெயரே இருந்தது. சிட்னி ஆளுநர் கொடுத்தனுப்பிய கடிதங்களில் படை பற்றிய செய்தியும் இருந்ததால், தீவின் ஆளுநர் டெகேன் ஐயுற்றது முற்றிலும் தவறென்று சொல்லிவிட முடியாது.

அதன்பின் டெகேன் அவரை விருந்துக்கு அழைத்தார். கைதியாக இருக்கும்வரை வரமாட்டேனென்று பிளிண்டர்ஸ் மறுத்துவிட்டார். அதிகாரியின் மானம் அவ்வாறு பேசியது! ஒருவேளை சாப்பாட்டுக்குப் போயிருந்தால் காரியம் எளிதில் முடிந்திருக்குமோ என்று நாம் நினைக்காமலிருக்க முடிவதில்லை. 1806இல் நெப்போலியனே விடுதலைக்கு இசைவளித்தும், டெகேன் அவரை விடவில்லை. ஆறரை ஆண்டுகள் அங்கே கழிந்தன. பயணங்களில் உடனிருந்த டிரிம் என்னும் பூனையும் அத்தீவிலேயே காணாமற்போயிற்று. துயரத்தினிடையே அவர் சோம்பியிருக்கவில்லை. கப்பலிலுள்ள இரும்பு திசைகாட்டியின் முள்ளை எவ்வாறு பிறழச் செய்கிறது என்று ஆராய்ந்து எழுதினார். பிற்காலத்தில் திசைகாட்டியருகே நிறுத்தப்பட்ட இரும்புத் தண்டுக்கு அவர் பெயரே வழங்கிற்று. 1804இல் தாம் வரைந்த படத்தில் ஆஸ்திரேலியா என்ற பெயரையும் பொறித்தார். ஆனுக்குக் கடிதங்கள் எழுதினார். அவை போய்ச்சேரப் பல மாதங்களாயின.

1810 அக்டோபரில் இங்கிலாந்து திரும்பி மனைவியைக் கண்டார். பிரிந்து ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன. பதவி உயர்வு கணக்கிடப்பட்டபோது சிறையிருந்த ஆண்டுகளை மேலிடம் சேர்த்துக்கொள்ளவில்லை. அரைச் சம்பளத்தில் லண்டனில் வாடகை வீடு மாற்றி மாற்றிக் குடியிருந்து, பயண நூலையும் படங்களையும் ஆயத்தம் செய்தார். 1812 ஏப்ரலில் ஒரு மகள் பிறந்தாள். அவரோ சிறுநீரக நோயால் உருகிக்கொண்டிருந்தார். நூல் 1814 ஜூலை 18 அன்று வெளிவந்தது. மறுநாள் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதுதான். அவருடைய கல்லறை பின்னர் இருந்த இடம் தெரியாமற்போயிற்று. 2019இல் லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தருகே தோண்டியபோது சவப்பெட்டியின் ஈயத்தகடு அவர் பெயரைக் காட்டிக் கொடுத்தது. 2024இல் டோனிங்டனில் அவரை மீண்டும் அடக்கம் செய்தனர்.

ஆன் கைம்பெண்ணாக முப்பத்தெட்டு ஆண்டுகள் சிறு ஓய்வூதியத்தில் காலந்தள்ளி, 1852இல் காலமானார். பிளிண்டர்ஸ் படம் வரைந்து கொடுத்த நாட்டிலிருந்து, நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் ஆண்டுக்கு நூறு பவுன் வீதம் உதவித்தொகை வழங்க முன்வந்தன. அது வந்து சேரும்போது ஆன் இல்லை. அத்தொகையை மகள் தம் மகனின் கல்விக்கென்று பெற்றுக்கொண்டார். எகிப்தில் கீசா பிரமிடுகளை அங்குலம் அங்குலமாக அளந்து புகழ்பெற்ற பிளிண்டர்ஸ் பெட்ரிதான் அந்தப் பையன்.