கடலில் மறைந்த ஜிம் கிரே

ஆண்டு மலருக்கு ஒரு அறிஞரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று மலர்க் குழுவில் சொன்னார்கள். நான் போவதற்குள் எடிசன், சி.வி. ராமன், கலாம் ஐயா எல்லோரையும் சீனியர்கள் பங்கு போட்டுக்கொண்டு விட்டார்கள். பரவாயில்லை, என் மனசில் வேறு ஒருத்தர் இருந்தார். அவர் பெயர் ஜிம் கிரே. அவரைப் பற்றித் தேட வைத்ததே எங்க அம்மாவோட பாஸ்புக்தான்!

போன வருஷம் பீஸ் கட்ட அம்மா தோட்டை அடகு வச்சு பேங்கில் பணம் போட்டாங்க. கடைசி நாள் அன்று செல்போன் வழியாக அனுப்பினோம். கணக்கில் பணம் கழிந்து விட்டது, ஆனால் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. எங்க வீட்டில் பத்தாவது தாண்டிப் படிப்பவன் நான் ஒருத்தன்தான். யாரிடம் போய்க் கேட்பது என்றுகூட எங்களுக்குத் தெரியலை. அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பணம் திரும்பி வந்தது. பாஸ்புக்கில் இரண்டு வரி இருந்தது. ஒன்று பற்று, ஒன்று வரவு. அந்த இரண்டு வரி ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஜிம் கிரே 1944-ஆம் ஆண்டு ஜனவரி 12-ம் தேதி அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1966-ல் பட்டம் வாங்கி, 1969-ல் டாக்டர் ஆனார். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸில் முதல் டாக்டர் பட்டம் அவருடையதுதான். முதல் ஆள் என்றால் முன்னாடி போனவர் யாரும் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. அந்தக் கஷ்டம் எனக்குக் கொஞ்சம் புரியும்.

அடுத்து ஐ.பி.எம். கம்பெனி. அங்கே 1970-ல் காட் என்பவர், தகவல்களை எல்லாம் அட்டவணையாக வைக்கலாம் என்று எழுதியிருந்தார். அதை நடைமுறையில் செய்து பார்க்க சான் ஹோசேயில் சிஸ்டம் ஆர் என்ற திட்டம் தொடங்கியது. நாம் லேபில் அடிக்கிற எஸ்.க்யூ.எல். அங்கே பிறந்ததுதான். மற்றவர்கள் கேள்வி கேட்கும் மொழியை உருவாக்கிக்கொண்டிருக்க, கிரே எடுத்துக்கொண்டது வேறு கவலை. நூறு பேர் ஒரே நேரத்தில் ஒரே கணக்கைத் தொட்டால் என்ன ஆகும்? பாதி வேலையில் கரண்ட் போனால் என்ன ஆகும்?

அவரும் கூட்டாளிகளும் கண்ட வழி இதுதான். ஒரு வேலையை முழுசாக ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டும். அதுதான் டிரான்ஸாக்ஷன். நடந்தால் முழுசாக நடக்கணும், இல்லாவிட்டால் நடக்கவே இல்லை என்று ஆகணும். இதற்காக எந்த மாற்றத்தையும் நிலையாக எழுதும் முன்பே, என்ன மாற்றப் போகிறோம் என்று லாக் என்ற குறிப்பேட்டில் எழுதி விட வேண்டும். மெஷின் விழுந்து எழுந்தால் அந்த லாகைப் படித்து, முடிந்ததை நிலைநிறுத்தும், முடியாததை அழித்துவிடும். இதையெல்லாம் அவர் விரிவாக எழுதி வைத்தது மியூனிக்கில் நடந்த ஒரு வகுப்புக்கான நோட்ஸாக. 1978-ல் அச்சானது. உலகமே படித்த அந்தக் கட்டுரை ஒரு கிளாஸ் நோட்ஸ் என்றால் நம்ப முடிகிறதா!

சிஸ்டம் ஆரில் சேவ்பாயிண்ட் என்ற வசதியும் இருந்தது. நீண்ட வேலையின் நடுவே ஒரு அடையாளக் கல் நடுவது மாதிரி. தப்பு நடந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், கல் வரை திரும்பினால் போதும். ஆனால் மெஷினே விழுந்துவிட்டால் கல் உதவாது. முடியாத மூட்டை முழுவதும் போய்விடும்.

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆகணும். மாடல் பிராக்டிகல் அன்று போஸ்ட்கிரஸில் பிகின் கொடுத்து ஐந்து வரிசை சேர்த்தேன். ஆறாவதில் ரோல் நம்பர் இரண்டு முறை வந்து எர்ரர். அதன்பிறகு எதை அடித்தாலும் ஏற்க மாட்டேன் என்கிறது. சரி, ஐந்தாவது மிஞ்சட்டும் என்று கமிட் அடித்தேன். அது ரோல்பேக் என்று பதில் சொன்னது! ஐந்தும் போச்சு, மார்க்கும் போச்சு. போஸ்ட்கிரஸில் நடுவில் ஒரு எர்ரர் வந்தால் டிரான்ஸாக்ஷனே கெட்டுப்போனதாகக் கணக்கு. ஆறாவதற்கு முன் சேவ்பாயிண்ட் வைத்திருந்தால், அதன் பெயரைச் சொல்லி ரோல்பேக் டு கொடுத்ததும் உயிர் வந்திருக்கும். அந்த சேவ்பாயிண்ட் அப்படியே இருக்கும், மறுபடியும் அதற்கே திரும்பலாம். அதற்குப் பின்னால் வைத்தவை மட்டும் போய்விடும். கடைசியில் கமிட் கொடுக்க மறக்கக் கூடாது. ஆரக்கிளில் கதை வேறு. தப்பான கட்டளை மட்டும் ரத்தாகும், முந்தைய ஐந்தும் காத்திருக்கும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியிலும் இந்த மாதிரி எர்ரருக்கு அப்படித்தான், ஆனால் டெட்லாக் வந்தால் மொத்தமும் போகும். ஒரே பாடம், வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. நம் புத்தகத்தில் ரோல்பேக்குக்கு இரண்டே வரி. எர்ரருக்குப் பிறகு என்ன என்று ஒரு வரி இல்லை.

இப்போது பாஸ்புக். கமிட் ஆகாத வேலையை அழித்தால் சுவடே இருக்காது. கமிட் ஆனதை யாராலும் அழிக்க முடியாது, அதற்கு எதிரான இன்னொரு வேலையைத்தான் செய்ய முடியும். இதை கிரே 1981-ல் எழுதியிருக்கிறார். அம்மா பணம் இங்கே கமிட் ஆகிவிட்டது, அங்கே ஆகவில்லை. அதனால்தான் பற்று அப்படியே நிற்க, கீழே வரவு என்று புது வரி. அம்மாகிட்ட விளக்கினேன். அண்ணாச்சி கடை நோட்டிலும் அடிக்க மாட்டாங்க, கீழேதான் எழுதுவாங்க என்று சாதாரணமாகச் சொல்லிட்டாங்க!

1980-ல் கிரே டாண்டம் கம்பெனிக்குப் போனார். 1985-ல் கம்ப்யூட்டர்கள் ஏன் நின்றுபோகின்றன என்று அந்தக் கம்பெனியின் மெஷின்களைக் கணக்கெடுத்தார். எல்லோரும் மெஷின் பழுது என்று நினைத்தார்கள். அவர் கணக்கில் ஹார்டுவேர் 18 சதவீதம்தான். இயக்குவது, பராமரிப்பது போன்ற மனித வேலைகளில் வந்தது 42 சதவீதம், சாஃப்ட்வேர் 25 சதவீதம். அதற்காக அவர் ஆபரேட்டரைத் திட்டவில்லை. மனிதன் தப்பு செய்வான் என்று வைத்துக்கொண்டே மெஷினை அமைக்க வேண்டும், மனிதன் தொட வேண்டிய வேலையைக் குறைக்க வேண்டும் என்பது அவர் முடிவு. பிராக்டிகல் முடிந்த அன்று இதைப் படித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

டாண்டமுக்குப் பிறகு டெக் கம்பெனி, 1995 முதல் மைக்ரோசாஃப்ட். 1998-க்கான டூரிங் விருது கிடைத்தது. கடைசி ஆண்டுகளில் வானியல் அறிஞர்களோடு சேர்ந்து நட்சத்திரங்களையும் விண்மீன் கூட்டங்களையும் டேட்டாபேஸில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்தார்.

2007 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைக்க, டெனேஷியஸ் என்ற தன் 40 அடிப் பாய்மரப் படகில் தனியாக ஃபாரலான் தீவுகளை நோக்கிப் புறப்பட்டார். வானிலை நன்றாகவே இருந்தது. திரும்பவில்லை. கடலோரக் காவல் படை நாலைந்து நாள் தேடிவிட்டு நிறுத்தியது. நண்பர்கள் விடவில்லை. செயற்கைக்கோள் படங்களைத் துண்டு துண்டாக்கி வலையில் போட, ஆயிரக்கணக்கானோர் வீட்டிலிருந்தே ஒவ்வொரு துண்டையும் பார்த்து வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று தேடினார்கள். கடலடித் தேடலும் மே 31-ல் முடிந்தது. படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 2012-ல்தான் கோர்ட் அவரை இறந்தவராக அறிவித்தது.