24 கோரை 8 கோர் முந்துவது எப்படி? கேமிங் பிராசசருக்குப் பின்னால் வான் நியூமன்

அடி அண்ணாமலையில் வீட்டிலிருந்தபடியே ஐடி வேலை பார்க்கும் ஒருவர், போனஸ் பணத்தில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிராபிக்ஸ் கார்டு முடிவாகிவிட்டது. பிராசசரில்தான் குழப்பம். ஒரு பக்கம் இன்டெல் கோர் அல்ட்ரா 9 285கே. அதில் 24 கோர். இன்னொரு பக்கம் ஏஎம்டி ரைசன் 7 9800எக்ஸ்3டி; அதில் வெறும் 8 கோர். ரெண்டுமே ஹை-எண்ட்தான். 24 பெருசா, 8 பெருசா என்று பார்த்தால் கணக்கு சுலபம். ஆனால் 2024 நவம்பரில் அந்த 8 கோர் சிப் சந்தைக்கு வந்தபோது, பெரும்பாலான கேம்களில் 24 கோர் சிப்பைத் தாண்டி ஓடியது. எப்படி?

இதற்கான காரணம் 1957-லேயே இறந்துபோன ஒருவரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் பெயர் ஜான் வான் நியூமன். இன்று நம் பாக்கெட்டில் இருக்கும் போன் முதல் டேட்டா சென்டர் வரை, ஏறக்குறைய எல்லாக் கம்ப்யூட்டர்களும் அவர் எழுதிவைத்த வரைபடத்தின் வாரிசுகள்தான். அந்த வரைபடத்தில் இருந்த ஒரு சிக்கலும் பரம்பரைச் சொத்து மாதிரி கூடவே வந்துவிட்டது. கேமிங் பிராசசர் வாங்கும்போது நாம் காசு கொடுப்பது முக்கால்வாசி அந்தச் சிக்கலைச் சமாளிக்கத்தான்.

அப்பாவுக்காக கெமிக்கல் என்ஜினியரிங்

1903 டிசம்பர் 28-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார் நியூமன். வீட்டில் வைத்த பெயர் யானோஷ். அப்பா மிக்ஷா வங்கியாளர். 1913-ல் மன்னராட்சி அப்பாவுக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தது. பெயரில் உள்ள வான் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். ஆறு வயதிலேயே எட்டு இலக்க எண்களை மனக்கணக்காக வகுப்பான் என்று சொல்வார்கள்.

பையனுக்குக் கணிதம்தான் உயிர் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கணிதம் படித்தால் சோறு கிடைக்குமா என்பது அப்பாவின் கவலை. பொறியாளர் ஒருவரை விட்டு மகனின் மனதை மாற்றக்கூட முயன்றார். கடைசியில் ரெண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம்: சூரிச்சில் கெமிக்கல் என்ஜினியரிங், கூடவே புடாபெஸ்டில் கணித முனைவர் படிப்பு. 1926-ல் ரெண்டையும் முடித்துவிட்டார். நம் ஊரில் என்ஜினியரிங் முடித்துவிட்டுப் பிடித்த வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் இவரைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேமுக்கும் இவருக்கும் நேரடித் தொடர்பே உண்டு. சீட்டாட்டம் மாதிரி, எதிராளி என்ன நினைக்கிறான் என்று ஊகித்து ஆடும் விளையாட்டுகளுக்குக் கணித விதி உண்டா என்று 1928-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதுவே 1944-ல் பொருளாதார அறிஞர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து எழுதிய பெரிய புத்தகமாக விரிந்தது. கேம் தியரி என்ற துறை அங்கேதான் கால் ஊன்றியது. இத்தனைக்கும் போக்கர் ஆட்டத்தில் அவர் பெரிய கில்லாடி இல்லையாம்.

1930-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போனார். 1933-ல் அங்கே உயர் ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியர். ஐன்ஸ்டீனும் அதே இடம்தான். கோட்டும் டையும் இல்லாமல் வெளியே வரமாட்டார். வீட்டில் அடிக்கடி பார்ட்டி. கிராமபோனில் ஜெர்மன் அணிவகுப்பு இசையைச் சத்தமாக ஓடவிட்டு வேலை பார்ப்பார். பக்கத்து அறைகளிலிருந்து புகார் வரும், ஐன்ஸ்டீனிடமிருந்தும் சேர்த்து. கார் ஓட்டும்போது புத்தகம் படிப்பார். அடிக்கடி மோதியதில், ஊரில் ஒரு முக்குக்கே அவர் பெயர் வந்துவிட்டது.

நம் ஊர்க்காரர் ஒருவரும் இந்தக் கதையில் வருகிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், நியூமனுடன் சேர்ந்து 1942, 1943-ல் ரெண்டு ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். சிதறிக் கிடக்கும் நட்சத்திரங்களின் ஈர்ப்புவிசை எப்படி ஏறி இறங்கும் என்பது அவற்றின் பொருள். அந்தக் காலத்தில் எல்லாம் கைக்கணக்குதான்.

ரயிலடியில் ஒரு சந்திப்பு

போர் வந்தது. 1943 முதல் அணுகுண்டுத் திட்டத்தில் நியூமன் ஆலோசகர். புளூட்டோனியத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வெடிபொருளால் அமுக்குவது எப்படி என்ற கணக்கு அவர் கையில். எந்த நகரத்தின் மேல் குண்டு போடுவது என்று பேசிய குழுவிலும் இருந்தார். இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரை வெறும் மேதையாகக் காட்டுவது நேர்மையாகாது.

அந்தக் கணக்குகளுக்கு மனிதக் கைகள் போதவில்லை. 1944 கோடையில் மேரிலாந்து மாநிலத்தின் அபர்தீன் ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது, ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற ராணுவ அதிகாரி வந்து பேச்சுக் கொடுத்தார். தான் பார்க்கும் வேலை பற்றிச் சொன்னார்: ஒரு நொடியில் முந்நூறுக்கும் மேற்பட்ட பெருக்கல்கள் செய்யும் மின்னணு இயந்திரம் ஒன்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தயாராகிறது. அதைக் கேட்டதும் நியூமனின் அரட்டைத் தோரணை அப்படியே மாறிப்போனதாம்.

அந்த இயந்திரம் எனியாக். வடிவமைத்தவர்கள் பிரெஸ்பர் எக்கர்ட்டும் ஜான் மாக்லியும். ஏறக்குறைய 18 ஆயிரம் வால்வுகள், 30 டன் எடை. கணக்குப் போடுவதில் புலி. ஆனால் வேறு கணக்குக்கு மாற்ற வேண்டுமென்றால் வயர்களைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருக வேண்டும். அதற்கே நாள்கணக்காகும்.

அடுத்த இயந்திரத்துக்கான திட்டத்தை 1945 ஜூன் 30 தேதியிட்ட 101 பக்க அறிக்கையாக நியூமன் எழுதினார். சாரம் இதுதான்: என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகளும், எதை வைத்துச் செய்ய வேண்டும் என்ற தரவுகளும் ஒரே நினைவகத்தில் இருக்கட்டும். கணக்குப் போடும் பகுதி அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யட்டும். வயரைப் பிடுங்கும் வேலையே இல்லை. இன்று நாம் ஒரு கேமை மூடிவிட்டு இன்னொன்றைத் திறப்பது இந்த யோசனையால்தான்.

இங்கே ஒரு மனக்கசப்பு உண்டு. அறிக்கையின் மேல் நியூமன் பெயர் மட்டுமே இருந்தது. கோல்ட்ஸ்டைன் அதைப் பல இடங்களுக்கும் அனுப்பிவிட்டார். இந்த யோசனை நியூமன் வருவதற்கு முன்பே தங்களிடம் இருந்தது என்பது எக்கர்ட், மாக்லி தரப்பு. பல வருடங்கள் கழித்து எனியாக் காப்புரிமை வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 1973-ல் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பு. அதற்குச் சொன்ன பல காரணங்களில் இந்த அறிக்கை முன்கூட்டியே வெளியானதும் ஒன்று. பெயரும் போய், காப்புரிமையும் போனது. அந்த வடிவமைப்பை இன்றும் வான் நியூமன் ஆர்க்கிடெக்சர் என்றே பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. முழு நியாயம் என்று சொல்ல மனம் வரவில்லை.

பௌர்ணமி இரவும் ஒற்றைப் பாதையும்

சரி, சிக்கல் எங்கே? அதைப் புரிந்துகொள்ள அடி அண்ணாமலைக்கே திரும்பி வருவோம்.

திருவண்ணாமலை டவுனும் பெரிய கோயிலும் மலைக்குக் கிழக்கே. அடி அண்ணாமலை மலைக்குப் பின்பக்கம், மேற்கே. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் ஓர் அன்னதானப் பந்தல். சமையல்காரர் மின்னல் வேகக்காரர். ஆனால் உப்பு, புளி, அரிசி எல்லாம் டவுன் கடையில். ஒவ்வொரு பொருளுக்கும் ஆள் அனுப்ப வேண்டும். பாதை முழுக்கக் கூட்டம். சமையல்காரர் கரண்டியோடு சும்மா நிற்பார். இன்னும் 16 சமையல்காரர்களைக் கூட்டி வந்தாலும், 16 பேரும் சேர்ந்து நிற்பார்கள், அவ்வளவுதான்.

சமையல்காரர்தான் பிராசசர். டவுன் கடைதான் ரேம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் சிப்புக்கு ஒரு நொடியில் 500 கோடி துடிப்புகள். ரேம் வரை போய் ஒரு தகவலை எடுத்துவர சுமார் 80 நானோ நொடி பிடிக்கிறது என்றால், அதற்குள் 400 துடிப்புகள் வீண். கட்டளையும் தரவும் ஒரே நினைவகத்திலிருந்து ஒரே வழியாக வர வேண்டும் என்பதால் வரும் இந்த நெரிசலுக்கு, வான் நியூமன் பாட்டில்நெக் என்று 1977-ல் பெயர் வைத்தவர் ஜான் பேக்கஸ். ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் அவர்.

நியூமன் இதைக் கவனிக்காமல் விட்டவர் இல்லை. 1946-ல் ஆர்தர் பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன் ஆகியோருடன் எழுதிய அறிக்கையிலேயே இது வருகிறது. நினைவகம் எல்லையில்லாமல் பெரிதாகவும், கேட்டதும் கொடுப்பதாகவும் இருந்தால் நல்லது. அது நடக்காது என்பதால் படிப்படியாக அடுக்க வேண்டும், ஒவ்வொரு படியும் முந்தையதைவிடப் பெரிதாகவும் மெதுவாகவும் இருக்கும் என்று விளக்கியிருந்தார்கள். அதாவது பந்தலிலேயே ஓர் அலமாரி, பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டோர் ரூம், அதற்கப்புறம்தான் டவுன் கடை. பிற்பாடு சிப்புக்குள்ளேயே வந்த கேஷ் மெமரி இந்த யோசனையின் தொடர்ச்சிதான். (கேஷ் என்றதும் பணம் என்று நினைக்க வேண்டாம், உச்சரிப்பு மட்டும்தான் ஒன்று. விலையில் ரெண்டும் ஒன்றாகிவிடுவது வேறு கதை.)

இந்த நெரிசலின் கொடுமையை நியூமன் குழு 1950-ல் நேரிலேயே பார்த்தது. எனியாக்கை வைத்து வானிலை முன்கணிப்பு செய்தார்கள். கம்ப்யூட்டரில் உலகின் முதல் முயற்சி. 24 மணி நேர வானிலையைக் கணிக்க ஏறக்குறைய 24 மணி நேரமே ஆனது. மழை வருமா என்ற விடை, மழையோடு சேர்ந்துதான் வரும்! கணக்கு தாமதமில்லை. உள்ளே இடம் போதாததால், இடைக்கால விடைகளை அட்டைகளில் துளையிட்டு வெளியே எடுத்து, அடுக்கி, மறுபடி உள்ளே கொடுத்ததில்தான் நேரம் போனது.

பிரின்ஸ்டனில் அவர் கட்டிய சொந்த இயந்திரம் 1951 வாக்கில் ஓடத் தொடங்கியது. மொத்த நினைவகம் 5 கிலோபைட். இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கருக்குக்கூடப் பத்தாது. ஆனால் வரைபடங்களை மூடி வைக்காமல் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். அதைப் பின்பற்றி உலகெங்கும் இயந்திரங்கள் முளைத்தன. அவற்றில் ஒன்று மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் டிஃப்ராக், 1960. அந்தக் குழுவை நடத்தியவர் சென்னையில் பிறந்த ஆர்.நரசிம்மன். நியூமனின் இயந்திரத்தைப் போல ரெண்டு மடங்கு நினைவகம் அதில் இருந்தது.

ஏழும் நாலும்

நியூமனின் ரெண்டாவது மனைவி கிளாரா, 1948-ல் எனியாக்குக்கு நிரல் எழுதியவர். உலகின் ஆரம்பகால புரோகிராமர்களில் ஒருவர். 1955-ல் கணவர் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தில் பொறுப்பேற்று வாஷிங்டனுக்குக் குடிபோன சில மாதங்களிலேயே புற்றுநோய் தெரியவந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி வேலையைத் தொடர்ந்தார். கம்ப்யூட்டரையும் மனித மூளையையும் ஒப்பிட்டு ஒரு சொற்பொழிவு வரிசைக்காக எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது.

மருத்துவமனையில் கடைசி நாள்களில் மகள் மரீனாவிடம், தன்னை எளிய கூட்டல் கணக்குகளில் சோதிக்கச் சொல்வாராம். ஏழும் நாலும் எவ்வளவு என்ற அளவில். மகளால் சில நிமிடங்களுக்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை; அழுதுகொண்டே வெளியே வந்துவிடுவார். ராணுவ ரகசியங்கள் எதையாவது உளறிவிடக் கூடாதே என்று அறைக்குக் காவலும் இருந்தது. 1957 பிப்ரவரி 8-ல் உயிர் பிரிந்தது. வயது 53.

அப்போ எதை வாங்கலாம்?

இப்போது நம் அடி அண்ணாமலை நண்பரின் குழப்பம் பாதி தீர்ந்திருக்கும். 285கே சிப்பில் எல்3 கேஷ் 36 எம்பி. 9800எக்ஸ்3டி-யில் 96 எம்பி. கோர்களுக்கு அடியில் கூடுதலாக ஒரு கேஷ் அடுக்கையே ஒட்டிவைத்திருக்கிறார்கள். நியூமன் இயந்திரத்தின் மொத்த நினைவகத்தைப் போல ஏறக்குறைய 20 ஆயிரம் மடங்கு, கேஷாக மட்டும். எல்3-யிலிருந்து எடுக்க 10 நானோ நொடி அளவுதான் ஆகும்.

கேமில் அடுத்த நொடி எந்தப் பக்கம் திரும்புவீர்கள், யாரைச் சுடுவீர்கள் என்பது சிப்புக்கு முன்கூட்டித் தெரியாது. தகவல்களை அங்குமிங்குமாகத் தேடித்தேடி எடுக்க வேண்டியிருக்கும். வேலையின் பெரும்பகுதி சில கோர்கள் தலையில்தான் விழும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 7 மில்லி நொடிக்கும் குறைவு. அதனால்தான் பெரிய அலமாரி வைத்த 8 சமையல்காரர்கள் ஜெயிக்கிறார்கள்.

வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டரிங், பெரிய கோடு கம்பைல் என்று ஆபீஸ் வேலையும் அதே மெஷினில் என்றால் கதை மாறும். அங்கே 24 கோருக்கு மதிப்பு உண்டு. ரெண்டும் வேண்டும் என்பவர்களுக்கு 16 கோர், 128 எம்பி எல்3 உள்ள ரைசன் 9 9950எக்ஸ்3டி இருக்கிறது. பர்ஸ் தாங்க வேண்டும். 4கே மானிட்டரில் எல்லா செட்டிங்கும் உச்சத்தில் வைத்து ஆடுபவர்களுக்கு முதலில் திணறுவது கிராபிக்ஸ் கார்டுதான். அங்கே பிராசசர்களுக்கு இடையிலான வித்தியாசம் சுருங்கிவிடும். அந்தப் பணத்தை கார்டில் போடுவது நல்லது. மின்சாரத்தையும் யோசியுங்கள்: 285கே உச்சத்தில் 250 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு, 9800எக்ஸ்3டி-யின் டிடிபி 120 வாட். திருவண்ணாமலை வெயிலில், ஏசி இல்லாத அறையில், யுபிஎஸ்ஸை நம்பி ஓட்டுபவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ரேமை ஒற்றைக் குச்சியாக வாங்காமல் ரெண்டு குச்சிகளாகப் போடுங்கள். டவுன் சாலை ரெண்டு வழியாகிவிடும். பயாஸில் எக்ஸ்போ என்ற ஆப்ஷனை ஆன் செய்யவும் மறக்க வேண்டாம். செய்யாவிட்டால் 6000 வேக ரேம் வாங்கியும் அது 4800 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆர்டர் போடும் முன் காலண்டரில் பௌர்ணமி தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு டெலிவரி வண்டி கிரிவலப் பாதைக்குள் வருவது கஷ்டம்.