ஆலிவர் ஹெவிசைடு

ஆலிவர் ஹெவிசைடு (மே 18, 1850 – பெப்ரவரி 3, 1925) இங்கிலாந்தைச் சேர்ந்த மின்பொறியியலாளரும், கணிதவியலாளரும், இயற்பியலாளரும் ஆவார். நீண்ட கம்பிவடத்தின் வழியே செல்லும் பேச்சொலி ஏன் தெளிவிழக்கிறது என்பதையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் இவர் கணித முறையில் விளக்கினார்.

இளமை

ஹெவிசைடு இலண்டனின் கேம்டன் டவுன் பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் கண்ட ஸ்கார்லட் காய்ச்சலால் இவருடைய கேட்கும் திறன் குறைந்தது. 16 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தினார். தந்தித் துறை முன்னோடியான சார்ல்ஸ் வீட்ஸ்டன் இவருடைய தாயின் சகோதரியை மணந்தவர். அவருடைய ஊக்கத்தால் 1868ல் டென்மார்க்கில் தந்தி இயக்குநராகச் சேர்ந்த ஹெவிசைடு, பின்னர் நியூகாசிலில் பணியாற்றினார். மாக்ஸ்வெல் 1873ல் வெளியிட்ட மின்காந்தவியல் நூலால் ஈர்க்கப்பட்டு, 1874ல் வேலையை விட்டுவிட்டுத் தாமாகவே ஆய்வில் ஈடுபட்டார். அதன்பின் இவர் எந்த ஊதியப் பணியிலும் சேரவில்லை.

கம்பிவடக் கோட்பாடு

வில்லியம் தாம்சன் 1850களில் வகுத்த தந்திவடக் கோட்பாடு, வடத்தின் மின்தடையையும் மின்தேக்கத்தையும் மட்டுமே கணக்கில் கொண்டது. ஹெவிசைடு அதனுடன் தன்மின்தூண்டலையும் காப்புறை வழியாக ஏற்படும் மின்கசிவையும் சேர்த்தார். பேச்சொலி பல அதிர்வெண்கள் கலந்தது. சாதாரண வடத்தில் அவை வெவ்வேறு வேகத்தில் செல்வதோடு, வெவ்வேறு அளவில் நலிவும் அடைகின்றன. இதனால் மறுமுனையில் சொற்கள் குழம்புகின்றன. மின்தடைக்கும் தூண்டத்திற்கும் உள்ள விகிதம், கசிவுக்கும் மின்தேக்கத்திற்கும் உள்ள விகிதத்திற்குச் சமமானால், ஒலி வலிமை குன்றினாலும் உருக்குலையாது என 1887ல் இவர் காட்டினார். இதற்கு வடத்தின் தூண்டத்தைக் கூட்டுவதே ஏற்ற வழியாகும்.

இவ்விளைவு நெடுந்தொலைவு வடங்களுக்கே முதன்மையானது. கேட்கக்கூடிய மிக உயர்ந்த ஒலியின் அதிர்வெண் கொண்ட மின்னலையின் அலைநீளமும் பல கிலோமீட்டர்கள் ஆகும். எனவே வீட்டு ஒலிக்கருவிகளை இணைக்கும் சில மீட்டர் வடத்தில் இத்தகைய உருக்குலைவு செவிக்குப் புலப்படும் அளவை எட்டுவதில்லை.

பிணக்கும் பயனும்

பிரித்தானிய அஞ்சல் துறையின் மின்பொறியாளரான வில்லியம் பிரீஸ், தன்மின்தூண்டல் தொலைபேசிக்குக் கேடு விளைவிப்பது எனக் கருதினார். இரும்புக் கம்பியைவிடச் செப்புக் கம்பி சிறந்து விளங்குவதற்கும் அதையே காரணமாகக் கொண்டார். 1887ல் ஹெவிசைடும், அத்துறையில் பணியாற்றிய அவருடைய அண்ணன் ஆர்தரும் எழுதிய கட்டுரை பிரீசின் எதிர்ப்பால் வெளிவரவில்லை.

வடத்தில் இடையிடையே கம்பிச்சுருள்களைச் சேர்க்கும் முறைக்கு மைக்கேல் பியூப்பின் 1900ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டினார். இம்முறையால் 1911ல் நியூயார்க்கிற்கும் டென்வருக்கும் இடையே தொலைபேசித் தொடர்பு இயன்றது. ஹெவிசைடு தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறாததால், இவருக்குப் பொருட்பயன் ஏதும் கிட்டவில்லை.

பிற பங்களிப்புகள்

ஓரச்சு வடத்திற்கு 1880ல் காப்புரிமை பெற்றார். மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை இன்று வழங்கும் திசையன் வடிவில் சுருக்கினார். மின்மறுப்பு, தூண்டம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை ஆக்கியவரும் இவரே. வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் படலம் மேல் வளிமண்டலத்தில் இருக்கலாம் என 1902ல் கூறினார். இதே கருத்தை அமெரிக்காவின் ஆர்தர் கென்னலியும் அவ்வாண்டில் வெளியிட்டார்.

இறுதிக்காலம்

1891ல் அரச கழக உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1922ல் முதலாவது பாரடே பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது. திருமணம் செய்துகொள்ளாத இவர், இறுதி ஆண்டுகளை டார்க்கீயில் வறுமையிலும் தனிமையிலும் கழித்து, அங்கேயே காலமானார். இவருடைய உடல் பெயின்டன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.